கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது?

எங்கள் உம்மாவின் வீடு கல்முனைக்குடியில், கடலில் இருந்து நானூறு யார் தூரத்தில் இருந்தது. இரவில் அலை இரைவது படுக்கையிலேயே கேட்கும். அந்த வளவின் மூலையில் பன்னிரண்டு அடி ஆழத்தில் ஒரு கிணறு. அதன் தண்ணீரில்தான் சோறு சமைத்தோம், தேநீர் வைத்தோம், வுழூச் செய்தோம். சின்ன வயதில் ஒரு நாள் உம்மாவிடம் கேட்டேன்: "கடல் இவ்வளவு கிட்ட இரிக்கி, அந்தத் தண்ணி உப்பு. இந்தத் தண்ணி மட்டும் எப்படி உம்மா இனிக்கி?"

"அது மழைத் தண்ணி மகள். மணலுக்குள்ள ஒளிச்சிருக்கி" என்றா உம்மா.

உம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்ல. ஆனால் அந்த ஒரு வரியில் அவர் சொன்னது முழுவதும் சரி. அதை நான் விளங்கிக்கொள்ள 2004ஆம் ஆண்டு சுனாமி வர வேண்டியிருந்தது.

சகோதரிகளே, வீட்டில் தண்ணீர் முடிந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது நாம்தான். யுத்தத்தால் இடம்பெயர்ந்து இன்னொருவர் வளவில் குடியிருந்தபோது, அவர்கள் கிணற்றில் வாளி போடுவதற்கு முன் முகம் பார்த்து நின்றதும் நாம்தான். முகாமில் பவுசர் வரும்வரை வெயிலில் வரிசையில் நின்றதும் நாம்தான். எனவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எதனால் கெடுகிறது என்பதை மற்ற எவரையும் விட நாம் அறிந்திருப்பது நல்லது.

சோற்றுப் பானை மூடி சொல்லும் பாடம்

உப்புப் போட்டுக் கறி கொதிக்கும்போது சட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்பக்கத்தில் துளித்துளியாய்த் தண்ணீர் நிற்கும். ஆறியபின் அதில் ஒரு துளியை நாக்கில் வைத்தால் உப்பு இருக்காது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் மேலே போகிறது.

கடலும் அப்படித்தான். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயில் கடலைச் சூடாக்க, நீர் ஆவியாகி மேலே எழும்புகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் ஆவி நுண்ணிய துளிகளாகி முகிலாகத் திரள்கிறது. துளிகள் சேர்ந்து கனத்ததும் மழையாகக் கீழே விழுகிறது. விழுந்த மழையில் ஒரு பகுதி மறுபடியும் ஆவியாகிறது. ஒரு பகுதியை மரமும் பயிரும் வேரால் உறிஞ்சி இலை வழியாகக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. மிச்சம் ஆறாக ஓடியோ நிலத்துக்குள் ஊறியோ கடைசியில் கடலைச் சேர்கிறது. இதைத்தான் பாடப் புத்தகத்தில் நீர் வட்டம் என்கிறார்கள்.

இந்த வட்டத்தில் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஆவியாக எழும்பிய நீர் காற்றில் தங்குவது சராசரியாக ஒன்பது பத்து நாட்கள்தான். கடலில் சேர்ந்த நீர் மறுபடி எழும்புவதற்குச் சராசரியாக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். நிலத்துக்குள் ஊறிய நீர் சில இடங்களில் மாதக் கணக்கிலும், ஆழமான இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் தங்கிவிடும்.

உலகத்தில் உள்ள தண்ணீரில் 100இல் 97 பங்கு உப்புத் தண்ணீர். மிகுதி மூன்று பங்கிலும் பெரும்பகுதி துருவங்களிலும் மலை உச்சிகளிலும் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. நமக்குக் கிடைக்கும் நன்னீரில் மிகப் பெரும் பகுதி ஆறுகளிலும் குளங்களிலும் இல்லை, நிலத்தின் கீழேதான் இருக்கிறது.

வாடைக் காற்றும் கச்சான் காற்றும்

நமது கரையோரத்தில் மழை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒக்டோபரில் இடி மின்னலோடு தொடங்கி, நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்க்கும். வாடைக் காற்று வங்காள விரிகுடாவின் மேலாகக் கடந்து வரும்போது ஈரத்தைச் சுமந்து வருகிறது. அது முதலில் தொடும் நிலம் நம்முடையது. அதனால்தான் ஆண்டில் நமக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களுக்குள் விழுந்துவிடுகிறது.

மே மாதத்துக்குப் பின் காற்று திசை மாறித் தென்மேற்கில் இருந்து அடிக்கிறது. அதுவும் கடலில் இருந்து ஈரத்தோடுதான் புறப்படுகிறது. ஆனால் இரத்தினபுரி, நுவரெலியாப் பக்கத்து மலைகளில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த, சூடான காற்று. அதுதான் நமது கச்சான் காற்று. உதட்டை வெடிக்க வைத்து, கிணற்றை அடி காண வைப்பதும் அதுதான்.

ஆகவே நமக்கு மூன்று நான்கு மாதம் கிடைக்கும் மழையை வைத்து ஆண்டு முழுவதும் சமாளிக்க வேண்டும். அந்த மழை எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

மழை போகும் இரண்டு வழிகள்

ஒரு வழி நிலத்துக்கு மேலே. பதுளைப் பக்கத்து மலைகளில் விழும் மழை கல்லோயா ஆறாக ஓடி வருகிறது. நம் பெரியவர்கள் இதைப் பட்டிப்பளை ஆறு என்பார்கள். 1949இல் இங்கினியாகலையில் இந்த ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கினார்கள். அப்படி உருவானதுதான் சேனநாயக்க சமுத்திரம். 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி கொள்ளளவு உடைய இது, இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் கோடையிலும் சிறுபோக வெள்ளாமை செய்ய முடிவது இந்தத் தண்ணீரால்தான். மாரியில் மலைப் பக்கம் விழுந்த மழையைக் கோடை வெயிலில் வயலில் காண்கிறோம். வயலில் வடிந்த நீர் களியோடை போன்ற வழிகளால் கடலுக்குப் போகிறது. அம்பாறையில் உள்ள கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கரையோர ஊர்களுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதே வழி ஆபத்தாகவும் மாறும். மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்யும்போது மேலே இருந்து வரும் நீரும் இங்கே விழும் மழையும் ஒன்றாகச் சேர்கின்றன. நமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு மெல்லிய மணல் மேட்டில் இருப்பவை. வயல் பக்கம் தாழ்ந்த நிலம். அங்கே சேர்ந்த வெள்ளம் முகத்துவாரம் வழியாக வடியும் வரை வீதியை மூடி நிற்கும். கிட்டங்கிப் பாலம் மழைக்காலத்தில் மூழ்குவதும், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்வதும் இதனால்தான். 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வீதியில் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரசா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரை இந்தப் பகுதி மறக்கவில்லை. முழங்கால் அளவு நீர்தானே என்று நினைக்கக் கூடாது. ஓடும் நீர் முழங்கால் அளவிலேயே ஆளைத் தள்ளிவிடும். இன்னும் சற்று உயர்ந்தால் வாகனத்தையும் புரட்டிவிடும். வெள்ளம் குறுக்கே ஓடும் வீதியால் பிள்ளையை அனுப்பாமல் ஒரு நாள் பிந்தி வரவழைப்பது தாயின் உரிமை, கடமையும்கூட.

மற்ற வழி நிலத்துக்குக் கீழே. உம்மா சொன்ன வழி இதுதான்.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

பெரியநீலாவணை, மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை கரையோரம் மணல்தான். மணலில் விழுந்த மழை தேங்கி நிற்காமல் உடனே ஊறி இறங்கும். இறங்கிய மழைநீர் அடியில் ஏற்கனவே ஊறி நிற்கும் கடல் நீரைச் சந்திக்கிறது. ஆனால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல் நீர் பாரம் கூடியது, மழைநீர் பாரம் குறைந்தது. எனவே தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பதுபோல நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கடல் பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும் இந்த நன்னீர்த் திரள்தான் நமது கிணறுகளின் முதலீடு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துப் பொறியியலாளர் பாடோன் கெய்பெனும், 1901இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் தத்தம் நாட்டுக் கடற்கரைகளில் இதனை ஆராய்ந்து ஒரு கணக்கைத் தந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அந்தக் கணக்கு.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மேலே ஓர் அடி நன்னீர் நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உப்பு நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலே ஏறிவிடும். வலுவான மோட்டரைப் போட்டு நீண்ட நேரம் ஒரே கிணற்றில் இறைத்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல எழும்பி வருகிறது. காலையில் நல்லாயிருந்த தண்ணீர் மாலையில் சவர் அடிப்பது இதனால்தான். வாளியாலும் துலாவாலும் அள்ளிய காலத்தில் நம் கைவலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் கை வலிப்பதில்லை.

2004: கிணறுகளும் காயப்பட்டன

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அன்று காலை நடந்ததை இந்தப் பக்கத்தில் விவரிக்கத் தேவையில்லை. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு நமது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். ஜனாஸாக்களை அடக்கி முடித்து, உயிரோடு இருப்பவர்களுக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் தேடியபோதுதான் கிணறுகளும் போய்விட்டன என்பது தெரிந்தது. கடல் நீர் கிணற்றின் வாயால் மட்டும் இறங்கவில்லை. மணல் முழுவதும் ஊறி, மேலிருந்து கீழாக நன்னீருக்குள் கலந்தது. நாற்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல் நீர் கலந்தாலே வாயில் உப்புத் தெரியும். அன்று கலந்தது எத்தனை குடம்!

சில வாரங்களில் உதவிக்கென்று பலர் இயந்திரங்களோடு வந்தார்கள். எங்கள் கிணற்றையும் மூன்று முறை அடிமட்டம் வரை இறைத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். நாங்களும் நன்றி சொன்னோம். ஆனால் ஒவ்வொரு முறை இறைத்த பின்னும் ஊறி வந்த தண்ணீர் முன்னதை விடக் கூடுதலாக உப்புக் கரித்தது. "கிணறு எங்களோட கோவிச்சிட்டு" என்று உம்மா அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2005இல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கரையோரக் கிணறுகளின் உப்புத்தன்மையைத் தொடர்ந்து அளந்து ஆராய்ந்தது. கிணற்றில் விழுந்த சேற்றையும் குப்பையையும் அகற்ற ஒரு தடவை இறைப்பது தேவை. ஆனால் திரும்பத் திரும்ப இறைப்பதால் உப்பு போவதில்லை. சுற்றிலும் மணலில் ஊறியிருக்கும் உப்பு நீர் கிணற்றை நோக்கி இழுக்கப்படுகிறது, கீழே இருக்கும் உப்பு நீரும் மேலே எழும்புகிறது. உப்பை உண்மையாகக் கழுவக்கூடியது மழைதான் என்பதே அந்த அனுபவத்தில் கிடைத்த பாடம். அப்படியே நடந்தது. ஓராண்டுக்கும் மேல் சென்று, மாரி மழை மணலை மேலிருந்து கழுவிக் கழுவி உப்பைக் கீழே தள்ளிய பின்புதான் பெரும்பாலான கிணறுகள் வழமைக்குத் திரும்பின.

அந்த நாட்களில் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற விதியும் வந்தது. பல குடும்பங்கள் வளவை விட்டுப் போயின. எங்கள் உம்மா மட்டும் இடைக்கிடை போய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுப் பார்த்துத் துப்பிவிட்டு வருவா. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாரி ஓய்ந்த ஒரு நாள், துப்பாமல் விழுங்கினா. "வந்திட்டு" என்றா. அவ்வளவுதான். கிணறு தானாகத் திருந்தவில்லை, இரண்டு மாரி மழை வேலை செய்திருந்தது.

இன்றைய ஆபத்து கடலில் இருந்து மட்டும் வருவதில்லை

நமது ஊர்கள் நெருக்கமானவை. ஆறு, எட்டுப் பேர்ச் காணியில் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாக இருக்கின்றன. மழைநீரை உடனே உள்வாங்கும் அதே மணல், மலசலகூடக் குழியின் கழிவையும் உடனே உள்வாங்கும். அது நமது கிணற்றுக்கும் வரும், அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் போகும். நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. ஒருவர் வளவில் செய்வது எல்லோர் குடத்திலும் தெரியும்.

கூடவே முற்றம் முழுவதும் சீமெந்து பூசுகிறோம். வீடு சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் மணலுக்குள் இறங்க வேண்டிய மழை வடிகானால் கடலுக்கு ஓடிவிடுகிறது. கிணற்றில் எடுப்பது கூடுகிறது, போடுவது குறைகிறது. கரையில் மணல் அள்ளுவதும் இதே தீங்கைச் செய்கிறது. நன்னீரைத் தாங்கி வைத்திருக்கும் பாத்திரமே அந்த மணல்தான்.

குழாய் நீர் வந்துவிட்டதே, கிணறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெள்ளத்தில் குழாய் உடைந்தால், வரட்சியில் நேரம் வைத்துத் திறந்தால், கட்டணம் கட்ட முடியாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டால், நமக்குக் கைகொடுப்பது கிணறுதான். கணவனை யுத்தத்தில் இழந்து ஒற்றைக் கையால் குடும்பத்தை நடத்தும் ஒரு சகோதரிக்குக் கிணறு கெட்டால், அது ஒரு நாளின் இரண்டு மணி நேர உழைப்பும் தண்ணீருக்குக் கொடுக்கும் காசுமாகப் போகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தைக்கலாம், பாய் இழைக்கலாம், பிள்ளையைப் படிப்பிக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. புதிய மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி (15 மீற்றர்) தள்ளி அமையுங்கள். காணி சிறிதானால் அடுத்த வீட்டாரோடு பேசி, இரு வீட்டுக் கிணறுகளும் ஒரு பக்கம், இரு வீட்டுக் குழிகளும் மறு பக்கம் வரும்படி திட்டமிடுங்கள்.

2. கிணற்றைச் சுற்றி உயரமான கட்டும், தண்ணீர் வெளியே வடியும்படி சீமெந்துத் தளமும் தேவை. உடுப்புக் கழுவும் நீர் திரும்பக் கிணற்றில் இறங்கக் கூடாது.

3. மோட்டரைத் தொடர்ச்சியாக ஓட விடாமல், காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். சவர் தட்டினால் உடனே நிறுத்தி, கிணற்றை ஆற விடுங்கள். ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்பது மலைநாட்டுக்குப் பொருந்தலாம். நமது கரையில் ஆழம் போனால் உப்புத்தான் கிட்டும்.

4. முற்றத்தில் ஒரு பகுதியையாவது மணலாக விடுங்கள். கூரைத் தண்ணீரை வடிகானுக்கு விடாமல், கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் விட்டால் அது நிலத்துக்குள் ஊறும். அந்தக் குழி மலசலகூடத்துக்கு அருகில் இருக்கக் கூடாது.

5. மழைநீரைப் பிடியுங்கள். 200 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 470 லீற்றர் விழும். சிந்துவது போக 350 லீற்றராவது தாங்கியில் சேரும். முதல் மழையில் கூரைத் தூசியும் காக்கை எச்சமும் கழுவுப்பட்டு வருவதால் அதை வெளியே விட்டுவிடுங்கள். தாங்கியின் வாயை வலையால் இறுக்கி மூடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பை நாமே வளர்த்ததாகிவிடும்.

6. வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றை, சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போதே அவசரப்பட்டு இறைக்க வேண்டாம். வெளி அழுத்தத்தால் கிணற்று வளையங்கள் சரியலாம். நீர் வடிந்த பின் ஒரு தடவை இறைத்துச் சேற்றை அகற்றி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் குளோரின் இடச் செய்யுங்கள்.

7. குடிநீரை நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் உப்புப் போகாது. உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வைக்க உப்புக் கூடவே செய்யும். அதைக் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இவற்றில் பலவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆனால் தனி வீடாகச் செய்தால் பயன் குறைவு, குறுக்கு வீதி ஒன்றில் உள்ள பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் பயன் முழுமை. உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில், சிறு சேமிப்புக் குழுவில், கடன் கணக்குப் பார்த்த பின் கிணற்றுக் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள். எந்த வீட்டுக் கிணறு எந்த மாதத்தில் சவர் தட்டியது, எது வற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கொப்பி பிரதேச சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் முன்னால் நீங்கள் வைக்கக்கூடிய பலமான சாட்சியாக இருக்கும்.

உம்மா இப்போது இல்லை. அந்தக் கிணறு இருக்கிறது. அந்த வளவில் இப்போது குடியிருக்கும் என் தங்கை, ஒவ்வொரு மாரி முடிவிலும் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்வாள்: "ராத்தா, இந்த வருஷமும் நல்லாயிரிக்கி." போன ஆண்டு முற்றத்துச் சீமெந்தில் பாதியை உடைத்து மணல் போட்டிருக்கிறாள். வாடைக் காற்று திரும்புவதற்கு முன் உங்கள் முற்றத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.